எழுநூற்று மூன்றின் தேவை

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வோரின் கண்ணெல்லாம் அருவிமீதுதான். அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரை நினைப்பவர் அரியர். கணித அறிஞர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-இல் பிறந்தது அவ்வூரில்தான். இராமானுசனைப் போற்றும் நாம் இவரை ஏனோ மறந்தோம்.

1770-இல் எட்வர்டு வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய புதிரின் ஒரு கூறு இது. ஓர் எண்ணை ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் அதன் ஆறாம் அடுக்கு கிடைக்கும். 1-க்கு 1, 2-க்கு 64, 3-க்கு 729. இத்தகைய எண்களை மட்டும் கூட்டி எந்த முழு எண்ணையும் பெறவேண்டுமாயின், எத்தனை இருந்தால் போதும்? எழுபத்து மூன்று போதும் என்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிள்ளை 1940-இல் நிறுவினார்.

ஏன் எழுபத்து மூன்று? 703 என்னும் எண்ணைப் பாருங்கள். 729 அதற்குப் பெரியது, பயன்படாது. 64-ஐப் பத்து முறை எடுத்தால் 640. எஞ்சிய 63-ஐ ஒவ்வொன்றாகவே நிரப்பவேண்டும். ஆக, எழுபத்து மூன்று. இதைச் சிறுவனும் கணக்கிடுவான். இதற்குமேல் தேவைப்படும் எண் எங்குமே இல்லை என்று காட்டியதுதான் பிள்ளையின் அருஞ்செயல். இன்னும் 26 மட்டும் கூடுதலாக இருந்திருந்தால் அந்த எண் 729 ஆகியிருக்கும். அதற்கு ஒன்றே போதும்! மிகப் பெரிய எண்களுக்கோ இருபத்து நான்குக்கு மேல் தேவையில்லை என்பதும் பிற்காலத்தில் நிறுவப்பட்டுள்ளது.

எண்கள் அறம் போதிப்பதில்லை. 703-க்குப் பசியும் இல்லை. ஆயினும் ‘அனைவருக்கும் போதும்’ என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லை இக்கணக்கு உரசிப் பார்க்கிறது. சராசரியைக் கண்டு ‘போதும்’ என்போமானால், 703 வெளியே நிற்கும். மிகுதியாகத் தேவைப்படுவது எதுவோ, அதுவே இங்கு அளவை வகுக்கிறது.

எல்லாருக்கும் எழுபத்து மூன்று கொடுக்க நம்மால் இயலுமா என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் அவ்வாறு கேட்கவில்லையே! 729 ஒன்றோடு நிறைவடைகிறது. சமமாகப் பிரித்துக் கொடுப்பது வேறு. ஒருவரும் குறைபடாமல் பார்ப்பது வேறு. முன்னது நமக்கு எளிது. பட்டியலும் தராசும் இருந்தால் முடிந்துவிடும். பின்னதற்கு ஒவ்வொரு வீட்டின் படியிலும் ஏறி இறங்கவேண்டும். உதவித்தொகை வரம்பை ஓரிரு மதிப்பெண்ணில் தவறவிட்ட மாணவனும், வருமான வரம்பைச் சிறிதே கடந்துவிட்ட கைம்பெண்ணும் நம் பட்டியல்களில் காணப்படுவதில்லை. பலவேளைகளில் அவர்களே 703.

பிள்ளை 1950 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டிற்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் கல்லூரி வரை சென்றதே பெரிது. செங்கோட்டைப் பள்ளியில் பயிலும்போது தந்தையை இழந்தார். தாய் முன்னரே இறந்திருந்தார். படிப்பு நின்றுபோகும் நிலையில், சாஸ்திரியார் என்னும் அவருடைய ஆசிரியர் தம் பொருளைக் கொடுத்துப் படிக்கவைத்தார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் சமமாகப் பங்கிட்டதாகத் தெரியவில்லை.