பெல்ட்டும் தவக்குலும்

திருப்புலிவனம் போன்ற சிற்றூர்களிலிருந்தும் இன்று உம்ராவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அமர்ந்ததும் பிரயாண துஆ ஓதுகிறார்கள். இடுப்பு பெல்ட்டை மாட்டச் சொன்னால் மட்டும், "தக்தீரில் உள்ளதுதானே நடக்கும்!" என்பார் சிலர். இது தவக்குல் ஆகுமா?

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம், மியன்மாருக்கு மேலே கடுமையாகக் குலுங்கிற்று. ஐந்து வினாடிக்குள் 178 அடி தாழ்ந்ததில், பெல்ட் அணியாதிருந்தோர் மேலே தூக்கியெறியப்பட்டுக் கீழே விழுந்தனர். பலர் காயமுற்றனர், பிரயாணி ஒருவர் இறந்தார். மேகமற்ற வானில் எழும் கொந்தளிப்பு விமானத்தின் ராடாருக்கும் தெரிவதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். கட்டாத ஒட்டகம் ஓடினால் உடையவருக்கே நஷ்டம். பெல்ட் மாட்டாதவரின் உடலோ பக்கத்திலுள்ள பிள்ளையின் மீதல்லவா விழும்! நம் உயிரும் அமானத். அடுத்தவர் உயிரும் அமானத். அதைப் பணயம் வைத்துவிட்டுத் தவக்குல் என்று பேர் சூட்டலாமா?

சகோதரர்களே! எச்சரிக்கை விளக்கு அணைந்த பின்னும், அமர்ந்திருக்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். மாட்டிவிட்டு துஆ ஓதுங்கள். அல்லாஹ் நம் பிரயாணங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.