ஏட்டில் எழுதப்பட்டவர்கள்

1

சகிப்புத்தன்மையைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸிஸிலி எப்போதும் கைக்கெட்டும் உதாரணம். 1130ல் பலெர்மோவில் முடிசூடிய நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் கிறிஸ்துவன். அவனுக்காகச் செய்யப்பட்ட சிவப்புப் பட்டு மேலங்கியின் ஓரத்தில் ஓடுவது அரபு எழுத்து. ஆண்டு ஹிஜ்ரி 528 என்று அதிலேயே தைத்திருக்கிறார்கள். உலகத்தின் படம் வரையவும் அதை விவரித்து எழுதவும் அவன் அமர்த்திக்கொண்டது அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் அறிஞரை. அந்த நூல் 1154ல் முடிந்தது. அரண்மனைக் காரியாலயத்தில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் சாசனங்கள் எழுதினார்கள். ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியத்துக்கு அரபு படிக்கத் தெரியும். ஒருமுறை பூமி அதிர்ந்தபோது அரண்மனைப் பெண்களும் ஏவலாட்களும் பயத்தில் அல்லாவைக் கூப்பிட்டார்களாம். அரசன் வருவதைக் கண்டு திகைத்து நின்றவர்களிடம், அவரவர் நம்புகிற கடவுளை அவரவர் கூப்பிடுங்கள் என்றானாம். 1184 கடைசியில் மெஸ்ஸினாவுக்கு அருகே கப்பலுடைந்து கரையேறிய ஸ்பெயின் யாத்ரிகர் இப்னு ஜுபைர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அழகான கதைதான். பொய் என்று தள்ளவும் காரணமில்லை. ஆனால் அதே யாத்ரிகர் சில பக்கங்கள் தள்ளி இன்னொன்றும் எழுதுகிறார். ட்ராபானியில் ஒரு முஸ்லிம் கனவான், வயதுக்கு வரப்போகும் தன் மகளை, முன்பின் தெரியாத ஒரு யாத்ரிகரிடம் ஒப்படைக்கிறான். கட்டிக்கொண்டாலும் சரி, வேறு யாருக்காவது கட்டிக்கொடுத்தாலும் சரி, இந்தத் தீவைவிட்டு அழைத்துப் போனால் போதும் என்பது அவன் வேண்டுதல். சகிக்கப்படுவது என்றால் என்ன என்று அரசனுக்குத் தெரிந்ததைவிட அந்தத் தகப்பனுக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது.

சகிப்புத்தன்மையைப் புகழ்கிற எழுத்துக்களெல்லாம் சகிப்பவனின் இடத்திலிருந்து எழுதப்பட்டவை. மேலங்கியைப் போட்டுக்கொள்பவன் ஒருவன். நெய்து கொடுப்பவன் வேறொருவன். 1153ல், தன் ஆட்சியின் கடைசி நாட்களில், இதே ரோஜர் தன் கப்பற்படைத் தளபதி மஹ்தியா பிலிப்பைத் தீயிட்டுக் கொல்லவைத்தான். உள்ளுக்குள் முஸ்லிமாகவே இருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. மேலங்கிக்கும் தீக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ரோஜருக்குத் தோன்றியிருக்காது. தேவைப்பட்டதை வைத்துக்கொண்டான், தேவைப்பட்டபோது எரித்தான்.

2

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம். பொதுவாகப் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு, யாரையும் முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை. எனவே ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஊரின் பெயர் நமக்குச் சினிமா வழியாகத்தான் பழக்கம். கோர்லியோனே. 1974ல் வந்த இரண்டாம் ‘காட்ஃபாதர்’ படத்தில், அமெரிக்கா வந்திறங்கிய ஸிஸிலிப் பையன் பேசாமல் நிற்கிறான். குடியேற்ற அதிகாரி ஊர்ப்பெயரையே அவன் பெயராக ஏட்டில் எழுதிவிடுகிறார். 1972ல் வந்த முதல் படத்தில் அந்த ஊராகக் காட்டப்பட்டது கோர்லியோனேயே அல்ல, தீவின் கிழக்கிலுள்ள வேறு ஊர்கள். ஒரு பெயர் எவ்வளவு சுலபமாக அதற்குரியவர்களை விட்டுக் கழன்றுகொள்கிறது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம். பெரிய உதாரணம் எண்ணூறு ஆண்டுகள் முந்தியது.

பலெர்மோவுக்கு மேலே மலைச்சரிவில் மொன்ரியாலே என்ற இடத்தில் இரண்டாம் வில்லியம் ஒரு பெனடிக்டைன் மடத்தையும் தேவாலயத்தையும் எழுப்பினான். உட்சுவர் முழுவதும் தங்கப் பின்னணியில் பதித்த சித்திரங்கள். இன்றும் உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. மடம் நடக்க வருமானம் வேண்டும், வருமானத்துக்கு நிலம் வேண்டும். தீவின் மேற்கே ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை அரசன் மானியமாகக் கொடுத்தான். நிலத்தின் எல்லைகளை லத்தீனிலும் அரபிலும் விவரிக்கும் சாசனம் 1182ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1178ல், வேறொரு சாசனம் எழுதப்பட்டது. அதில் மலைகளும் ஓடைகளும் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். கோர்லியோனே, கலட்ராஸி ஆகிய ஊர்களைச் சேர்ந்த குடியானவர்களின் பெயர்கள், அரபிலும் கிரேக்கத்திலும் வரிசையாக.

ஜரீதா என்று இந்த ஏட்டுக்குப் பெயர். இன்றைய அரபில் அதே சொல் செய்தித்தாளைக் குறிக்கிறது. அன்று அது பெயர்ப்பட்டியல். இன்னாருடைய மகன் இன்னார், அவன் தம்பி, இன்னாருடைய விதவை, இன்ன தொழில் செய்பவன். இந்த ஏட்டில் பெயர் இருப்பவன் நிலத்தோடு சேர்ந்தவன். நிலம் கைமாறினால் அவனும் கைமாறுவான். ஒரே பெயர் அரசனுடைய ஏட்டிலோ வேறு பிரபுவின் ஏட்டிலோ ஏற்கெனவே இருந்தால் இதிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று இப்படிப்பட்ட சாசனங்களில் நிபந்தனை போடுவது வழக்கம். ஒரு ஆளுக்கு இரண்டு எஜமானர்கள் கூடாது அல்லவா. ஏட்டில் ஏறாமல் இருந்தவர்களுக்கும் ஒரு பெயர் இருந்தது, முல்ஸ். வழவழப்பானவர்கள் என்று பொருள். பிடிக்குள் சிக்காதவர்கள் என்று நான் படித்துக்கொள்கிறேன். 1183ல் அவர்களையும் ஒரு ஏட்டில் எழுதி அதே மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பகல் முழுவதும் பேரேட்டில் பெயர்களையும் தொகைகளையும் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு ஏடு பொய் சொல்லாமலே எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட முடியும் என்பது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் மும்மொழிப் பண்பாட்டின் சாதனை என்று பாராட்டப்படும் அந்தக் காரியாலயத்தின் அன்றாட வேலை என்னவென்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் அரபு? குடியானவர்களின் பெயர் அரபுப் பெயர். அதைப் பிசகில்லாமல் எழுத அரபு வேண்டும். பிசகில்லாமல் எழுதினால்தான் பிசகில்லாமல் வரி வாங்க முடியும், ஓடிப்போனவனைத் தேட முடியும். அவர்கள் மொழிக்குக் காட்டப்பட்ட மரியாதையும் அவர்களைக் கட்டிய கயிறும் ஒரே இழையில் திரிக்கப்பட்டவை.

3

இப்படி எழுதிக்கொண்டு போனால் ஒரு பொற்காலம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நார்மன்கள் வருமுன் எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று. அதற்கும் ஆதாரமில்லை. 827ல் மஸாராவில் படை இறங்கியது; தலைமை தாங்கி வந்தவர் கைரவானின் நியாயாதிபதி அஸத் இப்னு அல் ஃபுராத். 831ல் பலெர்மோ விழுந்தது. 902ல் தாவோர்மினா விழுந்தபோது நடந்தது படுகொலை. கிறிஸ்துவர்கள் தலைவரி கட்டி வாழ்ந்தார்கள். வந்தவர்களோ வாய்க்கால் வெட்டினார்கள், எலுமிச்சையும் கரும்பும் கொண்டுவந்தார்கள், ஊர்களை உண்டாக்கினார்கள். ஸிஸிலியின் வரைபடத்தில் ‘கல்தா’ என்றும் ‘கலதா’ என்றும் தொடங்கும் பெயர்களில் ‘கல்அ’ என்ற கோட்டை ஒளிந்திருக்கிறது. ‘ரகல்’, ‘ரெகல்’ என்பவற்றில் ‘ரஹ்ல்’ என்ற குக்கிராமம். மிஸில்மெரியில் ‘மன்ஸில் அல் அமீர்’, அமீரின் தங்குமிடம். வாளோடு வந்தவர்களும் மண்வெட்டியோடு வந்தவர்களும் ஒரே கப்பலில் வந்தார்கள்.

1061ல் மெஸ்ஸினாவிலிருந்து தொடங்கி 1091ல் நோட்டோவோடு நார்மன்கள் தீவை முடித்தார்கள். முஸ்லிம்கள் கிறிஸ்துவர்களிடம் வாங்கிய அதே தலைவரியை இப்போது முஸ்லிம்களிடம் வாங்கினார்கள். வரியின் பெயரைக்கூட மாற்றவில்லை. யார் யாருக்குக் கட்டுவது என்பது மட்டும்தான் மாறியது. ஆட்சி மாற்றங்களைப் பற்றி நாம் படிக்கிற சரித்திரங்களில் இந்த இடம் அநேகமாக ஒரு வாக்கியத்தில் கடந்துவிடும்.

நியாயமான பதிலடி என்று சிலர் சொல்லக்கூடும். பறித்தவர்களிடமிருந்து பறித்தார்கள், அவ்வளவுதானே? என் தடை இங்கேதான். 1178ல் கோர்லியோனேயின் ஏட்டில் எழுதப்பட்டவன் 827ல் கப்பலில் வந்தவன் அல்ல. நடுவே முந்நூற்றைம்பது வருஷம், பத்துப் பன்னிரண்டு தலைமுறை. அவர்களில் எத்தனையோ பேர் வந்தவர்களின் வழியில்கூட வந்தவர்களல்ல, மதம் மாறிய உள்ளூர்க் குடும்பங்கள். குற்றம் ரத்தத்தில் இறங்குவது என்றால் எத்தனை தலைமுறைக்கு? உரிமை முந்தி வந்தவனுக்கு என்றால் முந்தி என்பது எந்த வருஷம்? அரபிகளுக்கு முன்னால் பைஸாண்டியம், அதற்கு முன்னால் ரோமாபுரி, அதற்கும் முன்னால் கிரேக்கர்கள், கார்தேஜ்காரர்கள். ஆரம்பத்தைத் தேடிப்போகிறவன் தனக்குச் சாதகமான ஒரு வருஷத்தில் நின்றுவிடுவான். அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரம்தான் பிரச்னை.

4

1189ல் வில்லியம் வாரிசில்லாமல் இறந்தான். பலெர்மோவில் கலகம், முஸ்லிம்கள் மலைகளுக்கு ஓடினார்கள். யாத்தோ, எந்தெல்லா என்ற மலைக்கோட்டைகளில் ஒரு தலைமுறைக்கும் மேல் எதிர்த்து நின்றார்கள். அவர்களை முடித்தவன் ரோஜரின் இன்னொரு பேரன், இரண்டாம் ஃப்ரெடரிக். சரித்திரம் இவனை உலக அதிசயம் என்று அழைக்கிறது. அரபு அறிஞர்களோடு கேள்வி பதில் நடத்தியவன். 1229ல் ரத்தம் சிந்தாமல் ஜெருசலேமை சுல்தான் அல் காமிலிடமிருந்து ஒப்பந்தத்தில் பெற்றவன். இவனே 1220களிலிருந்து ஸிஸிலி முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாக இத்தாலியின் தெற்கிலுள்ள லுச்சேராவுக்கு நாடு கடத்தினான். கடைசி எதிர்ப்பு 1246ல் ஓய்ந்தது. லுச்சேராவில் அவர்கள் தொழுதுகொள்ளலாம், அவனுக்காகப் போர் செய்யலாம். 1300ல் அன்ஜூ வம்சத்து இரண்டாம் சார்லஸ் அந்த ஊரையும் அழித்து, மக்களை அடிமைகளாக விற்றான்.

ஃப்ரெடரிக்குக்கு அரபுப் பண்பாடு பிடித்திருந்தது. அரபுக் குடியானவனைப் பிடிக்கவில்லை. ஒரு பண்பாட்டை நேசிப்பதும் அதன் மனிதர்களை ஒழித்துக்கட்டுவதும் ஒரே மனத்தில் உறுத்தலில்லாமல் இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. எழுத்தும் ரஸனையும் மனிதனை மேம்படுத்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிற நாம் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

காலியான கோர்லியோனேக்கு 1237ல் ஆட்கள் வந்தார்கள். ஒத்தோனே த கமெரானா என்பவன் தலைமையில் வடக்கிலிருந்து வந்த லொம்பார்தியர்கள், ஃப்ரெடரிக்கின் அனுமதியோடு. இவர்களை வில்லன்களாக்கவும் வழியில்லை. நிலம் தேடி வந்தவர்கள். கூரை இருந்தது, கிணறு இருந்தது, யாருடையவை என்று கேட்க ஆளில்லை. 1282ல் ஸிஸிலி பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, ஏப்ரல் 3ஆம் தேதியே பலெர்மோவோடு கைகோத்த முதல் ஊர் இந்தக் கோர்லியோனே. விடுதலையின் ஊர் என்ற பெருமை அதற்கு நியாயமாகவே வந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் இருந்த காலிமனைகளை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

5

பிறகு நடந்தது நீண்ட பிரபுத்துவம். 1812ல் சட்டத்தில் அது ஒழிந்தது. நிலம் பெரும் பண்ணைகளாகவே இருந்தது, நடுவே குத்தகைதாரனும் காவல்காரனும் முளைத்தார்கள். மாஃபியா என்று பின்னால் அழைக்கப்பட்டது அங்கேதான் வேர் பிடித்தது. 1893ல் பெர்னார்தினோ வெர்ரோ கோர்லியோனேயின் விவசாயிகளைத் திரட்டி நியாயமான வாரத்துக்கு ஒப்பந்தம் எழுதவைத்தார். 1915ல், ஊரின் மேயராக இருக்கும்போதே, சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 மார்ச்சில் தொழிற்சங்கக்காரர் ப்ளாஸிதோ ரிஸ்ஸோத்தோவைக் கடத்திக் கொன்று மலைப்பிளவு ஒன்றில் வீசினார்கள். காலி வீட்டுக்கு வந்தவர்களின் வாரிசுகள் நிலமற்றவர்களாகி, நிலம் கேட்டதற்காகச் செத்தார்கள். 1178ல் ஏட்டில் ஏறியவனுக்கும் இவர்களுக்கும் மதமும் மொழியும் வேறு, நிலை ஒன்று. ரத்த உறவைவிட இது நெருங்கிய உறவு என்று நினைக்கிறேன்.

என் கேள்விக்கு வருகிறேன். கோர்லியோனேயின் முஸ்லிம் குடியானவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அந்த ஏட்டின் தயவில்தான். அவர்களுடைய பாட்டு இல்லை, கடிதம் இல்லை, சமாதி இல்லை. அவர்களைக் கொடுத்துவிட எழுதிய பட்டியல்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஏட்டில் ஏறாமல் தப்பிய வழவழப்பானவன் ஒருவன் உண்மையிலேயே தப்பியிருந்தால், அவன் பெயர் நமக்குத் தெரியாது. சுதந்திரமாக இருந்தவன் மறைந்துபோனான், கட்டுண்டவன் மிஞ்சினான். இதற்காக ஏட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது. சிறைக் கதவின் கீறல்களுக்காகக் கதவைச் செய்தவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் ஏட்டைக் கிழித்தெறியச் சொல்கிற கோபமும் பயனற்றது. எழுதியவனின் நோக்கம் எழுத்தோடு முடிந்துவிட்டது. வாசிப்பவனின் நோக்கம் வேறாக இருக்கலாம். நாடு கடத்தப்பட்டு பாரிஸில் இருந்தபோது அரபு கற்றுக்கொண்டு, 1854லிருந்து 1872வரை ஸிஸிலி முஸ்லிம்களின் சரித்திரத்தை எழுதி வெளியிட்ட மிகேலே அமாரி அப்படி வாசித்தவர். ஸல்வதோரே கூஸா 1868ல் இந்த ஏடுகளை அச்சேற்றினார். வரி வசூலுக்கு எழுதியதை மனிதர்களைத் தேடி வாசித்தார்கள். விமர்சனம் என்ற காரியத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

வாசிப்பினால் நீதி கிடைத்துவிடாது என்பதும் வாஸ்தவம். கலட்ராஸியின் விதவைக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது. அவள் பெயரை உச்சரிப்பது அவளுக்காக அல்ல, நமக்காக. சகிப்புத்தன்மையின் உதாரணமாக மறுபடியும் யாராவது மொன்ரியாலேயின் தங்கச் சுவரைக் காட்டும்போது, அந்தத் தங்கத்துக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது என்று சொல்வதற்கு.

ரிஸ்ஸோத்தோவின் எலும்புகள் 2009ல் அந்த மலைப்பிளவில் கிடைத்தன. அவருடைய தந்தையின் உடலைத் தோண்டியெடுத்து மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, 2012ல் அவருடையவைதான் என்று உறுதி செய்தார்கள். அரசு மரியாதையோடு கோர்லியோனேயில் அடக்கம் நடந்தது. அறுபத்து நான்கு வருஷம் கழித்து ஒரு பெயர் அதற்குரிய உடலோடு சேர்ந்தது. 1178ன் பெயர்களுக்கு உடல் கிடைக்காது. லுச்சேராவுக்குப் போன வழியிலோ, 1300ல் விற்கப்பட்ட சந்தைகளிலோ அவை எங்கோ போய்விட்டன. நம்மிடம் இருப்பது அரபு வரியும், அதே பெயரைக் கிரேக்கத்தில் எழுதிய வரியும் மட்டும்.