பழமைக்கு உரிமை உண்டா?

இளையாத்தங்குடிப் பக்கத்தில் ஒருவன் கண்மாய்க் கரையை வெட்டினான் என்றால் அவனை மன்னிப்பாரில்லை. வற்றாத ஆறு என ஒன்றில்லாத பூமி இது. பெய்த மழையை வரத்துக்கால் வழியே கொணர்ந்து, கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கியே செட்டிநாட்டார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். இம்மண்ணில் இருப்போர்க்கு, கட்டிய அணையை ஓர் அரசே பொருள் செலவிட்டு இடித்தது என்னும் செய்தி விபரீதமாகவே தோன்றும்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், எல்வா என்றோர் ஆறு. மின்சாரத்தின் பொருட்டு 1913-இல் அதன் குறுக்கே ஓர் அணையும், 1927-இல் ஏறத்தாழ 64 மீட்டர் உயரமுள்ள மற்றோர் அணையும் எழுந்தன. சால்மன் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே ஏறி வருவது. மீனுக்கு வழிவிடல் வேண்டும் என அன்றே சட்டம் இருந்தும், இவ்விரு அணைகளிலும் வழி விடப்படவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்வழி அதற்கு அடைபட்டுப் போயிற்று. 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014-இல் முடிந்தது. மீன்கள் மீண்டும் மேலாற்றுக்கு ஏறின.

நூறாண்டு நின்ற ஒன்றைக் கலைக்க யாருக்கு உரிமை? உஸ்மானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா என்னும் சட்டக்கோவையில் இதற்கு அடுத்தடுத்து இரு விதிகள் உள்ளன. துருக்கியரின் சட்டமாயினும் அதன் விதிகள் ஃபிக்ஹு நூல்களிலிருந்து திரட்டப்பட்டவையே. நெடுங்காலமாக இருந்து வருவதைக் கலைக்கலாகாது என்பது முன்னதன் கருத்து. தீங்கு எத்தனை காலம் நீடிப்பினும் பழமையின் உரிமையைப் பெறாது என்பது பின்னதன் கருத்து. இவற்றை முரண் என்று மயங்கும் மாணவர் உண்டு. முன்னது வழங்கிய உரிமைக்குப் பின்னது எல்லை கட்டுகிறது, அவ்வளவே.

ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்றும் அந்நூல் கூறும். எல்வாவில் இது பேணப்பட்டது என்பேன். அணைகளின் பின்னே படிந்திருந்த கோடிக்கணக்கான கனமீட்டர் வண்டல் கீழே இறங்கிவிடும் என்பதறிந்து, அவ்வாற்றுநீரை நம்பியிருந்த நகரத்துக்கு முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிக் கொடுத்த பின்னரே இடிப்பு வேலை தொடங்கியது.

இவ்வளவும் தொலைதூரத்துக் கதை. இதே உரைகல்லில் நம் நலத்தையும் உரைத்துப் பார்க்க வேண்டாமா? முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதியும் அந்நீரால் விளைகிறது. பழையதாயிற்று, அகற்றுக என்று மலைக்கு அப்பால் குரல் எழுகிறது. அணை உறுதியாக உள்ளது என 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் பயனும் உயிரோடிருக்கிறது. ஆகவே வயதை மட்டும் காட்டி அதனை இடிக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கல்லணை அதனினும் எத்துணை மூத்தது! ஆயினும், அணைக்குக் கீழே குடியிருப்போரின் அச்சத்தை எள்ளி நகையாடவும் நமக்கு உரிமையில்லை. சோதனை காலந்தோறும் நடைபெற வேண்டும். அதன் முடிவு நமக்குக் கசந்தாலும் ஏற்க வேண்டும்.

எல்வா வழக்கில் பழையது எது என்பதும் கேட்கத்தக்கது. அக்கரையில் வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர், தாம் வழக்கமாக மீன் பிடித்த இடங்களில் பிடிக்கும் உரிமையை 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே பெற்றிருந்தனர். அணையோ அதற்கு 58 ஆண்டுகள் இளையது. 2012-இல் தேக்கநீர் வடிந்தபோது, தங்கள் இனம் தோன்றிய இடமென்று முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த பாறை வெளிப்பட்டது. நூறாண்டளவும் அதனைக் கண்ணால் கண்டோர் அவர்களிடையே இல்லை.