கரையாத பனி

என்னிடம் படித்து, இப்போது ஜேர்மனியில் தொழில் பார்க்கும் மாணவர் ஒருவர் 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஹம்பர்க் நகரிலிருந்து ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். "சேர், இதப் பாத்தவுடன நம்ம கோச்சிப் பாதை ஞாபகம் வந்துருச்சு" என்று ஒரு வரி கூடவே இருந்தது. தரம் ஒன்பதில் அன்றைய பாடம் முடிந்திருந்தது. கைபேசியை மேசைமேல் சாய்த்து நிறுத்தினேன். பிள்ளைகளின் தலைகள் முட்டிக்கொண்டன.

பனி மூடிய மலை. அதன் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு சிவப்புப் புகையிரதம் வருகிறது. ஒரு சுரங்கத்துள் நுழைந்து, மேலே வேறொரு துவாரத்தால் வெளிப்பட்டு, கற்பாலத்தைக் கடக்கிறது. கூரைகளின் விளிம்பில் பனி கனத்துத் தொங்குகிறது. வெளிச்சம் மங்கி வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கிய வேளையில் ஒரு மனிதக் கை குறுக்கே வந்தது. அதன் முன்னால் வீடுகள் கட்டைவிரல் அளவாகிவிட்டன. அதுவரை உண்மை மலை என்றே நம்பியிருந்த பிள்ளைகள் வாய்விட்டுக் கத்தினார்கள். நானும் ஏமாந்திருந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அது மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாதிரிப் புகையிரத உலகம். பிரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஆகஸ்டில் திறந்தது. இருக்கும் இடம் ஹம்பர்க் துறைமுகத்தின் பழைய களஞ்சியத் தொகுதி. கோப்பியும் தேயிலையும் வாசனைத் திரவியங்களும் ஒரு காலத்தில் அங்கே அடுக்கிக் கிடந்தன. நம் தோட்டத்துப் பெட்டிகளும் அந்தத் தளங்களில் இறங்கியிருக்கக் கூடும். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி ரயில்கள் ஓடுகின்றன. இரண்டரை இலட்சத்துக்கும் மேலான குட்டி மனிதர்கள் நிற்கிறார்கள். எல்லாம் 87இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஆளின் உயரம் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர். கால்மணி நேரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடுகின்றன.

"சேர், அந்தப் பனி கரையாதா?" என்று ஒருவன் கேட்டான். சாந்துத் தூளாக இருக்கும் என்றேன். வீட்டிலே மாதிரிப் பாதை அமைப்போர் சிலர் அப்பச்சோடாவைக்கூடத் தூவுவதுண்டு. ஈரம் பட்டால் கட்டிபட்டுவிடும். அவன் கேட்டதில் வேறு சங்கடமும் இருந்தது. காலையில் புல்லில் நிற்பதும், மார்கழியில் மூக்கை அடைப்பதும், ஐரோப்பாவில் கூரையை அழுத்துவதும் நமக்குப் பனி என்ற ஒரே சொல். நுவரெலியாப் பக்கம் தை மாதத்தில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகும். கொழுந்து கருகினால் பேரும் குறையும். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வெள்ளை அதுதான்.

அன்றிரவு அந்தக் காணொளியை மீண்டும் மீண்டும் பார்த்தேன். நாற்பது வயது தாண்டிய ஆசிரியன் பொம்மை ரயிலை வாய்பிளந்து பார்ப்பதா என்ற கூச்சம் கொஞ்சம் இருந்தது. ஆனாலும், ஒரு கூரையின் நிழற்பக்கத்தில் பனி எவ்வளவு தடிக்கும் என்பதற்காக ஒருவர் பொழுதைச் செலவழித்திருக்கிறார் என்றால், அது உலகத்தை உற்றுப் பார்த்ததற்கு அடையாளம். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். கேலி செய்பவர்கள் தங்கள் வீட்டுக் கூரையை என்றாவது அப்படிப் பார்த்ததுண்டா?

சிறு உருவங்கள் என்றவுடன் நம்மவரிடையே எழும் கேள்வி எனக்கும் எழாமலில்லை. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே சிறகு வைத்த குதிரையொன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததாக அபூதாவூதின் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என் மனம் நின்றது அந்தச் சிறகில். சிறகு வைத்த குதிரை தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆணி, கம்பி, புகைக்கரி வரை அச்சொட்டாகச் செய்யப்பட்ட மாதிரியோ "நான் உண்மை" என்கிறது. அப்படிச் சொன்ன பிறகு அதனிடம் கணக்குக் கேட்கலாம் அல்லவா?

கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்தே போட்டோம். ஹற்றனிலிருந்து நானுஓயாவரையுள்ள பாதையை ரெஜிபோமிலும் கடதாசிக் கூழிலும் செய்து பாடசாலைக் கண்காட்சியில் வைப்பதென்று அவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் சுமார் 560 மீற்றர். 87ஆல் வகுத்தால் ஆறரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வகுப்பறையின் நீளமே அவ்வளவுதான். பிதுருதலாகல மலை 2,524 மீற்றர்; மாதிரியில் 29 மீற்றர் உயர வேண்டும். முழுப் பாதைக்கும் முந்நூறு மீற்றருக்கு மேல் மேசை தேவை. ஹம்பர்க்காரர்களுக்கும் இதே தொல்லைதான். அவர்களுடைய சுவிற்சர்லாந்து மலை இரண்டு மாடிகளை ஊடுருவிக்கொண்டு ஏறத்தாழ ஆறு மீற்றர் நிற்கிறது. பெருக்கிப் பார்த்தால் 520 மீற்றர்க் குன்று. ஆகவே ரயில் மட்டுந்தான் அளவுக்குச் சரி. மலையைக் குறுக்கி, தூரத்தை வெட்டித்தான் எந்த மாதிரியும் மேசையில் அடங்குகிறது. குறுக்காமல் முடியாது; அதில் குற்றமில்லை. எதைக் குறுக்குவது, எதை வெட்டுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் விடயம்.

ஸ்ரேஷன்களுக்கு நடுவில் இருப்பதைத்தான் பொதுவாக வெட்டுவார்கள். எங்கள் பாதையில் நடுவில் இருப்பது தோட்டங்கள். இந்தப் பாதை வந்ததே அவற்றுக்காகத்தான். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பியை இறக்க. ஹற்றனை எட்டிய 1884இல் இலைநோய் கோப்பியை அழித்திருந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு நானுஓயா. 44 அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தப் பாதையை வெட்டிய கைகளின் பெயர்ப்பட்டியல் எந்த ஸ்ரேஷனிலும் தொங்கி நான் பார்த்ததில்லை. தெமோதரையில் ரயில் வட்டமடித்துத் தன் ஸ்ரேஷனுக்கு அடியிலேயே புகுந்து போகும். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, அதில் பொறியியலாளருக்குப் பெயர் உண்டு, கங்காணிக்கு இல்லை.

ஹம்பர்க்காரர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்களுடைய கற்பனை நகரில் அடிக்கடி தீப்பிடிக்கிறது, தீயணைப்பு வண்டிகள் ஓடுகின்றன. சுவீடன் பனிக்குள் இரும்புத்தாதுச் சுரங்கம் இருக்கிறது, தாது ஏற்றிய ரயில் போகிறது. அழகுக்கு இடைஞ்சல் என்று வேலையை அவர்கள் மறைக்கவில்லை.

எங்கள் வகுப்பிலும் ஒரு சிறுமி மறைக்க விடவில்லை. பழைய லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. 87ஆல் வகுத்தால் மூன்றரைக்கு நாலு சென்ரிமீற்றர் சொச்சம். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி. அவள் பன்னிரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி, தகரக் கூரைக்கு வெள்ளிக் கடதாசி போட்டு, தண்டவாளத்துக்குக் கீழே சரிவில் வைத்தாள். மொத்த மாதிரியிலும் அளவு தப்பாத பொருள் அதுதான். அதற்கு மேலே, பையன்கள் சிலர் ஹம்பர்க் மயக்கத்தில் கிரேட் வெஸ்டர்ன் மலையுச்சிக்குப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். அங்கே பஞ்சுப் பனி பெய்ததில்லை என்றேன். "வடிவா இருக்கட்டுமே சேர்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

கண்காட்சிக்கு வந்த விருந்தினர் ஒருவர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். மனப்பூர்வமாகத்தான் பாராட்டினார். பிறகு, "இந்த லயங்கள மட்டும் எடுத்திட்டா குட்டி இங்கிலாந்தேதான்" என்றார். பஞ்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. படம் எடுக்க ஆள் வந்தபோது நான் அந்தத் தீப்பெட்டி வரிசையை மெல்லத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. படம் நன்றாக வர வேண்டும் என்ற எண்ணம், வேறொன்றுமில்லை. தேயிலைப் பெட்டியின் மேல் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படத்தைப் பற்றிக் கூட்டங்களில் காரமாகப் பேசியவன் நான்.

சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் வகுப்புக்குப் போகும்போது லயம் பழைய இடத்தில் இருந்தது. பசை இன்னும் காயவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கணக்குப் பாடத்தைத் தொடங்கினேன்.

நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையக மாவட்டங்களில் சரிவுகள் வீடுகளோடு இறங்கின. கோச்சிப் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போயிற்று. சில இடங்களில் அடிமண் கழுவப்பட்டு, தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கொழும்பிலிருந்து மேலே ஏற வழியில்லை.

பாடசாலை மீண்டும் திறந்தபோது மாதிரி, விஞ்ஞான அறையின் மூலையில் தூசியோடு அப்படியே இருந்தது. பாதை எங்கும் அறவில்லை; உச்சியில் பஞ்சுப் பனி. பையன்களில் ஒருவன் களிமண் கொண்டுவந்தான். எந்தெந்த இடத்தில் சரிந்ததோ அந்தந்த இடத்தில் வைக்க வேண்டுமாம். "இப்ப இப்பிடித்தானே சேர் இருக்கு." லயத்தை நான் மறைத்தது தவறென்றால் சரிவை மறைப்பதும் தவறுதானே? நியாயமான வாதம். ஆனால் தீப்பெட்டி ஒட்டிய சிறுமியின் குடும்பம் அந்த வாரங்களில் ஒரு மண்டபத்தில் பாயில் படுத்துக் கிடந்தது. அவளுடைய வரிசைக்கு நேர் மேலேதான் அவன் களிமண்ணை உருட்டிக்கொண்டு நின்றான்.

நான் எதையும் தீர்மானிக்கவில்லை. முன்னொருமுறை தீர்மானித்த அழகு போதும். "நீ சொல்லு" என்று அவளிடம் விட்டேன். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். களிமண்ணை வாங்கி ஓரமாக வைத்தாள். உச்சியிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பிய்த்தெடுத்தாள். தண்டவாளத்தில் நின்ற நீலக் கோச்சியைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி, நானுஓயா மேடையருகே வரிசையாக வைத்துவிட்டு, பையன் பக்கம் திரும்பி, "ஓடாதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள்.