யாருடைய கடன்?

புறநானூற்றின் 312ஆம் பாட்டைப் பாடியவர் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர். மகனைப் பெற்று வளர்த்துத் தருவது தாயின் பொறுப்பு, அவனைச் சான்றோனாக்குவது தந்தையின் பொறுப்பு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் பொறுப்பு என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கும் பாட்டு. நான் 'பொறுப்பு' என்று சொல்லும் இடத்தில் அவர் வைத்திருக்கும் சொல் 'கடன்'. கடமை என்று பொருள். இன்று அந்தச் சொல் நம் வாயில் வட்டியோடுதான் வருகிறது.

இந்தப் பாட்டை நடத்தும்போது, மகன் இருக்கும் இடத்தில் மகளை வைத்துப் பாருங்கள் என்று மாணவிகளிடம் சொல்வதுண்டு. மகனைப் படிக்க வைப்பது தகப்பனின் கடன் என்றால், மகளைப் படிக்க வைப்பது என்ன? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அது அவங்க பெரிய மனசு." மகனுக்குக் கடமையாக இருந்த கடன், மகளிடம் வரும்போது கொடுத்த கடனாகிவிடுகிறது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவள் அவள்.

முதலாண்டில் சேர்ந்தவர்களிடம் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். ஆண் பிள்ளைகள் 'படித்தேன், சேர்ந்தேன்' என்று தன்வினையில் எழுதுவார்கள். பெண்களில் பலர் பிறவினையில் எழுதுவார்கள். 'என்னைப் படிக்க வைத்தார்கள். என்னை நம்பிக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.' எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் கண்ணில் படும் அளவுக்கு உண்டு. இலக்கணம் தெரியாமல் எழுதுவதில்லை. தங்கள் வாழ்க்கையில் எழுவாய் யார் என்பதைச் சரியாகத் தெரிந்துதான் எழுதுகிறார்கள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 521 வாங்கியவள். இயற்பியல் படிக்க ஆசை. இயற்பியல் இருந்த கல்லூரி மாவட்டத் தலைநகரில். ஆய்வக வகுப்பு இருக்கும் நாட்களில் ஊருக்குத் திரும்பும் பேருந்தைப் பிடிக்க முடியாது, அடுத்தது இருட்டிய பிறகுதான். அதனால் பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் தமிழ் எடுத்தாள். தமிழ் மோசமான கதி என்று நான் சொல்வேனா? ஆனால் அவள் என்ன படிப்பது என்பதை முடிவு செய்தது ஒரு டவுன் பஸ்ஸின் கால அட்டவணை என்பதை மறைத்துவிட்டு, 'மொழிப்பற்றோடு வந்த மாணவி' என்று மேடையில் பேச எனக்கு மனமில்லை.

சேர்வதற்கு முந்தின இரவு வீட்டில் நிபந்தனைகள் போடப்பட்டன. இறங்கினால் நேராக வீடு. ராத்திரியில் போன் அப்பாவிடம் இருக்கும். ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே படிப்பு நிற்கும். அவளுடைய அண்ணன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவன். விடுதியில் தங்கி, வங்கியில் கல்விக் கடன் வாங்கிப் படித்தான். அரியர் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அவனுக்கு யாரும் நிபந்தனை போடவில்லை.

பணக் கணக்காகவே பார்ப்போம். அண்ணனின் படிப்பு கையெழுத்துப் போட்டு வாங்கிய அசல் கடன். தவணையை அப்பா கட்டுகிறார். அவளுக்கு ஆனது என்ன? அரசுக் கல்லூரியில் பெயரளவுக்கு ஒரு கட்டணம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் குழு லோன் தவணைக்குப் போகிறது. கூட்டிக் கழித்தால், வீட்டுக்குப் பணம் கொண்டுவருகிறவள் அவள்தான். ஆனாலும் அண்ணனுக்குக் கடன்பட்ட உணர்வே இல்லை. இவளோ சோற்றைப் போட்டுத் தின்னும்போதுகூடக் கடன்காரியாக இருக்கிறாள்.

இந்தத் திட்டத்தின் கதையையும் சொல்ல வேண்டும். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். கடைசி ஆண்டுகளில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் கிடைத்தன. பட்டம் வாங்கினால் தாலிக்குக் கூடுதல் பணம் என்று இருந்ததை, 2022இல் கல்லூரிக்கே தரும் மாத உதவியாக மாற்றினார்கள். அது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் 'கொடுத்தோம்' என்றே நடக்கிறது. பிள்ளைகளே 'ஓசி பஸ்ல வர்றோம்' என்கிறார்கள். உரிமைக்கு நம்மிடம் புழக்கத்தில் ஒரு எளிய சொல் இல்லாமல் போனதோ என்று தோன்றுகிறது.

இன்னொரு காகிதமும் உண்டு: முதல் பட்டதாரிச் சான்றிதழ். தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்குக் கட்டணச் சலுகை பெற்றுத் தருவது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் பட்டதாரி என்றால் கிடையாது. அண்ணன் பட்டம் வாங்கிவிட்ட வீட்டில், அந்தத் தலைமுறை வரிசையிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பெண், அரசின் கணக்கில் முதல் பட்டதாரி இல்லை. பாட்டி கைநாட்டு, அம்மா ஐந்தாவது. இருந்தாலும் அந்த வரிசையை யாரும் எண்ணுவதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்த கதையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் அனுமதித்தார் என்றுதான் தொடங்குகிறோம். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். நூறாண்டுக்கு மேலாகியும் முதல் வரியில் அனுமதித்தவரே நிற்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'நீ யாருக்கும் கடன்பட்டவள் இல்லை, போ' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. அவள் படிப்புக்காக வீட்டில் வாதாடியவள் அம்மா. 'எதுனாலும் நான் பொறுப்பு' என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதாவது மகளுக்கு ஜாமீன் கையெழுத்து. மகள் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு பேச்சு வாங்குவது அம்மா. சில வீடுகளில் அடியும் வாங்குவாள். கைநிறையச் சம்பளம் வாங்கும் நான் வகுப்பறையில் நின்று கடனை ரத்து செய்வது சுலபம். ஜப்தி நடப்பது என் வீட்டில் அல்ல.

ஆனால் இங்கே இரண்டு வேறுவேறு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அம்மா மீது அவளுக்கு இருப்பது அன்பு. அந்த அன்பைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பது வீட்டின் அதிகாரம். நன்றி வேண்டாம் என்பதல்ல என் வாதம். நன்றி சொல்கிறவருக்கு, சொல்லாமலிருக்கவும் இடம் இருக்க வேண்டும். தவறினால் படிப்பு நிற்கும் என்ற மிரட்டலின் கீழ் சொல்லப்படுவதை நான் நன்றி என்று எண்ணுவதில்லை. அம்மாவுக்கு அவள் செய்ய வேண்டியது ஏதாவது இருக்குமானால், அது ஒழுக்கச் சான்றிதழாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?

கடன்பட்டவருக்குக் கனவுகூட தவணை வடிவத்தில்தான் வருகிறது. அவள் எழுதிய பக்கத்தின் கடைசிப் பத்தி: பி.எட். முடித்து ஆசிரியையாகி அப்பா அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், அண்ணனின் கடனை அடைக்க உதவுவேன். நல்ல மனதுதான். ஆனால் அந்தப் பத்தியில் எல்லாரும் இருந்தார்கள், அவளைத் தவிர. இன்னொரு பக்கம் எழுது, அதில் வீட்டு ஆட்கள் யாரும் வரக் கூடாது என்றேன். ஒரு வாரம் ஆயிற்று. நான்கே வரி எழுதிக்கொண்டு வந்தாள். ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறதாம், வைணு பாப்பு பெயரில், 2.3 மீட்டர் கண்ணாடி. ஒரு ராத்திரி அங்கே தங்கி வானத்தைப் பார்க்க வேண்டும்.

கீழே சின்ன எழுத்தில், 'இதனால் யாருக்கும் பயன் இல்லை அம்மா' என்று எழுதியிருந்தாள். தமிழ்த்துறையில் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"பிப்ரவரியில மேகம் அவ்வளவா இருக்காதாம்" என்றாள். ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள்.