அஃறிணைக்கு அளித்த நா

மதுரை மதில்மேல் அசைந்த கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் இந்நகருக்கு வரவேண்டா என்று கைகாட்டி மறிப்பன போல் இருந்தனவாம். சற்று முன்னரே வையையாறு, தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொண்டு நடந்ததாம். சிலப்பதிகாரத்தில் இவ்விடங்களைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சம் கனக்கிறது. ஆயினும் ஓர் ஐயம் எழாமலில்லை. காற்றில் ஆடும் துணிக்கு ஏது அறிவு? வாய்மையை நோன்பாகக் கொண்டோர் இவ்வாறு பாடலாமா?

அணிநூலார் இதனைத் தற்குறிப்பேற்றம் என்பர். பவணந்தி முனிவரும் நன்னூலில், அஃறிணைப் பொருள்கள் செவிமடுப்பன போலவும் உரையாடுவன போலவும் சொல்லும் வழக்கிற்கு இடமளித்துள்ளார். 'போல' என்பதை அவர் ஒவ்வொன்றோடும் சேர்த்தே கூறுவது கருதத்தக்கது. கவிதையைப் பொய்யினின்று காக்கும் வேலி அச்சொல்லே என்பது நம் எண்ணம். கொடி உண்மையில் பேசியிருந்தால் அவ்விருவரும் திரும்பியிருப்பர். அவர்கள் கேளாமலே உள்ளே சென்றனர், கேட்டவர்கள் நாமே.

கொடியோ உயிரற்றது. மரத்தின் நிலை வேறு. புல்லும் மரமும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. நம் ஆகமங்களும் அவற்றுக்குத் தொடுவுணர்வு உண்டு என்கின்றன. நாவில்லாத அவ்வுயிருக்கு நாம் ஒரு நாவை ஒட்டவைத்து, நம் அழுகையையே அதன் வாயில் வைத்துக் கேட்டு இரங்குகிறோம். அவ்விரக்கம் மரத்தின் பொருட்டா, மரத்தில் தெரியும் நம் முகத்தின் பொருட்டா?

ஜினாலய விழாவொன்றில் ஒரு சிறுமி, வெட்டுண்ட வேப்பமரம் தன் துயரைத் தானே சொல்வதாகக் கவிதை படித்தாள். அனைவரும் கைதட்டினோம். அருகிலிருந்த அவள் தம்பி, "பேசாத மரத்தை வெட்டலாமா?" என்று கேட்டான். அவனுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

ஆனால் இத்தகைய கற்பனையை முற்றும் விலக்கிவிடவும் நமக்கு மனமில்லை. பொழுது சாய்ந்தபின் பூப்பறிக்கச் சென்றால், "செடி தூங்குகிறது, தொடாதே" என்று பாட்டிமார் தடுப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். தொல்காப்பியமோ நன்னூலோ கல்லாத அம்மூதாட்டியர் 'போல' என்ற சொல்லையும் சேர்ப்பதில்லை. நீட்டிய கையை மட்டும் நாம் மடக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.