மூப்பும் மாத்திரையும்



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் முதியோருள் சிலர், மூட்டுவலிக்கென்று காகிதத்தில் மடித்துத் தரப்படும் பெயரறியா மாத்திரைகளை விழுங்குகின்றனர். இரண்டே நாளில் வலி அகலுகிறது, பசி மிகுகிறது, நாளடைவில் முகம் பருக்கிறது. இளமை மீண்டதென மகிழ்கின்றனர். அப்பொட்டலத்தில் பலகாலும் இருப்பது ஸ்டீராய்டு என்னும் ஹார்மோனே. ஆதலின் இன்று ஜரா எனப்படும் மூப்பைக் குறித்துப் பேச விழைகின்றேன்.

சாவத்தி நகரின் பூர்வாராமத்தில் பகவன் ஒருநாள் மாலை வெயிலில் முதுகு காய அமர்ந்திருந்தார். அவர் உடலைத் தடவிக்கொடுத்த ஆனந்தர், தோல் சுருங்கி மேனி முன்வளைந்தது கண்டு வியந்துரைத்தார. பகவன் மறுத்தாரில்லை, இளமைக்குள்ளேயே மூப்பு உறைகிறதென விளக்கினார். எண்பதாம் வயதில் தம் உடலை, வாரால் கட்டி ஓட்டும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டவரும் அவரே.

மூப்பை மறுக்க முயன்றோர் கதையும் உண்டு. 1889-ல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்னும் பேரறிஞர், தம் 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றை ஊசியால் ஏற்றிக்கொண்டு, வலிமை திரும்பிற்றென அறிவித்தார். அச்சாற்றில் ஹார்மோன் இருந்திருக்கக்கூடியது மிகச் சொற்பமே, பலித்தது நம்பிக்கை! 1894-ல் அவரும் மறைந்தார். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் நிகழ்ந்த கூட்டு ஹார்மோன் ஆய்வு, மார்பகப் புற்றும் பக்கவாதமும் மிகுந்தமையால் 2002-ல் இடையிலேயே நின்றது. எலும்பு முறிவு குறைந்ததும் மெய்யே. வெப்பத் தவிப்புற்ற பெண்ணுக்கு மருத்துவர் அளந்து தருவது வேறு. முதுமையைத் தடுக்குமென விற்கப்படும் டி.எச்.இ.ஏ. மாத்திரையை மேயோ மருத்துவ நிலையத்தார் ஈராண்டு சோதித்து, 2006-ல் வெளியிட்ட முடிவு யாதெனில், உடல்வலிமையும் வாழ்வின் நலமும் கூடவில்லை என்பதே.

அங்ஙனமாயின் மருந்தே ஆகாதோ? ஜீவகரிடம் சிகிச்சை பெற்றவர் நம் ஆசான். பிக்குவின் நான்கு தேவைகளுள் மருந்தும் ஒன்று. தைராய்டு குன்றியவர் தைராக்சினும், நீரிழிவினர் இன்சுலினும் கொள்வது குறையை நிரப்புதல். மூப்போ குறையன்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஸ்டீராய்டைப் பல வாரம் உண்டோர் இவ்வுரை கேட்டுத் திடீரென நிறுத்தலாகாது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அதற்குள் உறங்கியிருக்கும். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவரே சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பொட்டலத்தையும் கையோடு கொண்டு செல்க. முதியோர் தனியே செல்லத் தயங்குவர்; இல்லத்து இளையோர் ஒருவர் உடன் செல்க.